சாத்தானுக்கு எதிராக ஒரு நியமனம்

எழுபத்தொரு வயதில் எனக்கு ஒரு புதிய பதவி கிடைத்தது. ஒரு குழந்தையை அதன் ஆயுள் முழுவதும் சாத்தானிடமிருந்து காப்பதுதான் கடமை. சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை. ஓய்வுபெறும் வயதைப் பற்றி நியமன அதிகாரி யோசிக்கவே இல்லை. நியமன அதிகாரி, காலஞ்சென்ற என் அக்காவின் மகள் றோசலின்.

"மாமா, தம்பியின்ர பிள்ளைக்குத் திருமுழுக்கு. ஞானத்தந்தையா நீங்கள்தான் நிக்கவேணும்," என்று கிளிநொச்சி உருத்திரபுரத்திலிருந்து ரொறன்ரோவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். "இஞ்ச நம்பிப் பிள்ளையைக் குடுக்கக்கூடிய ஆக்கள் ஒருத்தருமில்லை."

ஒரு மாவட்டம் முழுவதிலும் நம்பத்தகுந்த கத்தோலிக்கர் ஒருவர்கூட இல்லாமல், சீனி வியாதியும் முழங்கால் வலியும் உள்ள ஒருவனைக் கடல் கடந்து அழைப்பதென்றால், அங்கே சாத்தானின் செல்வாக்கு மிகவும் உயர்ந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடத்துக்கு மேல் நிர்வாக உத்தியோகம் பார்த்தவன் நான். வெளியாள் ஒருவரை அவசரமாக நியமித்தால், உள்ளே யாரையோ தவிர்க்கிறார்கள் என்று பொருள். அலுவலகத்தில் என்றால் உடனே பிடித்திருப்பேன். குடும்ப விஷயத்தில் மூளை அவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பதில்லை.

முறைப்படி ரொறன்ரோப் பங்குத்தந்தையிடம் நற்சான்றுக் கடிதம் கேட்டேன். ஒழுங்காகப் பூசைக்கு வருகிறீர்களா என்றார். பெரிய நாட்களில் வருகிறேன் என்றேன். எந்தப் பெரிய நாட்களில் என்றார். கார் நிறுத்த இடம் கிடைக்கும் பெரிய நாட்களில் என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வவுனியாவைத் தாண்டியதும் பஸ்ஸின் ரயர் வெடித்தது. சாரதிக்கு முன்னால் பிள்ளையாரும் மாதாவும் புத்தரும் தோளோடு தோள் உரசி நின்றார்கள். கீழே எலுமிச்சங்காயும் மிளகாயும் கோர்த்துத் தொங்கின. இத்தனை காவலுக்கும் பிறகு இப்படி ஆகிவிட்டதே என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"சாமியள் எல்லாம் முன்னுக்கெல்லோ ஐயா பாத்துக்கொண்டிருக்கினம்," என்றான். "வெடிச்சது பின் ரயர்."

சாரதி சிங்களவர். எப்போது போய்ச் சேருவோம் என்று யாரோ பின்னாலிருந்து கத்த, அவசரமென்றால் நேற்றே புறப்பட்டிருக்கலாமே என்று தன் மொழியில் நிதானமாகச் சொல்லிவிட்டு ரயர் மாற்ற ஜக்கியை எடுக்கப் போனார். நாங்கள் இறங்கித் தெருவோரக் கடையில் பிளேன்ரீ குடித்தோம். ரோல்ஸ் அன்றையது என்று கடைக்காரர் சொன்னார். என்றைக்குரிய அன்று என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் இரண்டு கமக்காரர்கள் யானைக்குப் போட்ட மின்சார வேலியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கம்பியில அவர் முட்டுறேல்லை. கட்டையை உதைச்சு விழுத்திப்போட்டு மேலால வாறார்."

"அவருக்கு எங்களை விடப் படிப்பு."

மாலையில் உருத்திரபுரம் போய்ச் சேர்ந்தேன். றோசலினுக்கு ஐம்பது வயது. பாலர் பாடசாலை ஆசிரியை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபின், தன்னைவிடப் பதினெட்டு வயது இளைய தம்பி அன்ரனை வளர்த்து ஆளாக்கியவள். அதற்காகவே கலியாணம் செய்யாமல் இருந்துவிட்டாள். அதைச் சொல்லிக்காட்டுவதும் இல்லை, யாரையும் மறக்கவிடுவதும் இல்லை.

வாசல் படலையில் என்னை நிறுத்தினாள். கையில் ஒரு தெளிக்கும் போத்தல். கொரோனாக் காலத்தில் கைக்கு மருந்தடித்த அதே போத்தல், இப்போது உள்ளே கோயில் தீர்த்தம்.

"பெட்டியை வையுங்கோ மாமா." பெட்டிக்கு அடித்தாள்.

"பெட்டி என்ன பாவம் செய்தது, பிள்ளை?"

"பிளேனில ஆற்ர ஆற்ர பெட்டியோட கிடந்து வந்ததோ!" என் மூக்குக் கண்ணாடிக்கும் ஒன்று விழுந்தது. குடிவரவு, சுங்கம் எல்லாம் தாண்டி வந்தவனுக்கு மிகக் கடுமையான சோதனை இந்தப் படலையில்தான் நடந்தது.

ஒவ்வொரு கதவுக்கு மேலும் குருத்தோலைச் சிலுவை. விறாந்தைப் படத்தில் மிக்கேல் சம்மனசு பிசாசின் கழுத்தில் மிதித்துக்கொண்டு நின்றார். பிசாசின் முகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கணக்காளரின் சாயல் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குக் குத்தரிசிச் சோறும் இரணைமடுக் குளத்து மீன் குழம்பும். குழம்பில் உப்பு அதிகம். குறை சொல்லவும் முடியவில்லை, அது மந்திரித்த உப்பாம்.

"பிசாசு சிங்கம் மாதிரிச் சுத்தித் திரியிறான் எண்டு வேதத்தில கிடக்கு மாமா. கொஞ்சம் கண்ணயர்ந்தமெண்டால் சரி."

"இந்தப் பக்கம் யானை எண்டுதானே கதைச்சவை?"

"பகிடி விடாதேங்கோ. பகிடிக்குள்ளாலயும் வருவான்."

நான் ரொறன்ரோவை நினைத்துக்கொண்டேன். அங்கே என் மகன் வாசல் மணியில் கமரா பூட்டி வைத்திருக்கிறான். பொதி கொண்டுவருபவன் முதல் இலை கூட்ட வருபவன் வரை எல்லாரையும் அலுவலகத்திலிருந்தே கைத்தொலைபேசியில் பார்த்துச் சந்தேகப்படுகிறான். றோசலினின் போத்தலுக்கு மின்சாரமாவது தேவையில்லை.

மறுநாள் காலை அன்ரனின் வீட்டுக்குப் போனேன். போனேன் என்பது பெரிய வார்த்தை. அதே வளவில், கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அன்ரன் ஓட்டோ ஓடுகிறான். ஓம், இல்லை, பாப்பம் என்ற மூன்று சொற்களில் வாழ்க்கையை நடத்துகிறவன். மனைவி செல்வி. அவளுடைய பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். செல்வி இங்கேயே பிறந்தவள், இந்த ஊர்ப் பேச்சுத்தான் பேசுகிறாள். குழந்தைக்கு மூன்று மாதம். நான் காக்கவேண்டிய ஆத்துமா என் விரலைப் பிடித்து வாய்க்குள் கொண்டுபோனது.

"ஞானத்தாய் ஆர்?" என்று கேட்டேன்.

அன்ரன் எழுந்து போய் ஓட்டோவின் சில்லை ஆராயத் தொடங்கினான்.

"எனக்கு என்ர அக்கா நிக்கவேணும் மாமா. பாக்கியம் அக்கா," என்றாள் செல்வி.

"அவ கத்தோலிக்கமோ?"

"எனக்கு முன்னமே சேந்திட்டா. உறுதிபூசுதலும் எடுத்தவ. கோயில் பாட்டுக் குழுவில பாடுறவ."

"பிறகென்ன?"

செல்வி கிணற்றுக்கு அப்பால் றோசலின் இருக்கும் பெரிய வீட்டைப் பார்த்தாள். "ஒரு ஆள் போதுமாம் எண்டு மச்சாள் சொல்லுறா. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டவ."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் காவலாளியாக அழைக்கப்படவில்லை. கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையாக அழைக்கப்பட்டிருந்தேன்.

செல்வி குழந்தையைத் தோளில் போட்டாள். "சண்டை முடியிற நேரம் எனக்குப் பதினொரு வயசு மாமா. பங்கருக்குள்ளயும் சரி, முகாமிலயும் சரி, நான் நித்திரை கொண்டன், அவ முழிச்சிருந்தவ. எனக்கு வேற ஒண்டும் சொல்லத் தெரியாது. அவ நிக்காட்டி, பிள்ளையோட நான் கோயில் வாசல் மிதிக்கமாட்டன்."

பெரிய வீட்டுக்குத் திரும்பி றோசலினிடம் கேட்டேன்.

"அதுகள் நல்ல சனம்தான். நான் ஒண்டும் சொல்லேல்லை," என்று தொடங்கினாள். இப்படித் தொடங்குகிற எதுவும் நன்றாக முடிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. "ஆனா வீட்டு முத்தத்தில முனி இருக்கு, மாமா. படையல் வைக்கினம். அந்தக் கையால பிள்ளையைத் தூக்கினா…"

"பாக்கியம் படைக்கிறவளோ?"

"அவள் படைக்கிறேல்லை. வீட்டில படைக்கினம்தானே. நாங்கள்தான் விழிப்பா இருக்கவேணும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதோட, மாமா, எங்கட ஆக்கள் மாதிரியோ அவையள்?"

ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்கும் அதிகாரி உண்மைக் காரணத்தை ஒருநாளும் எழுதமாட்டார். ஏதாவதொரு சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்டுவார். றோசலின் சுட்டிக்காட்டிய சுற்றறிக்கையின் பெயர் பிசாசு. உண்மைக் காரணம் கடைசி வசனத்தில், குரல் தாழ்த்தி வந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயில் மண்டபத்தில் பெற்றோருக்கும் ஞானப் பெற்றோருக்கும் ஆயத்த வகுப்பு. பங்குத்தந்தை இளைஞர். ஸ்கூட்டரில் வந்து, தலைக்கவசத்தைப் மேசைப் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தார். ரொறன்ரோவிலிருந்து நான் பத்திரமாகக் கொண்டுவந்த நற்சான்றுக் கடிதத்தை வாங்கி, பிரிக்காமலே விசிறிக்கொண்டார். அந்த வெக்கைக்கு அது பயன்பட்டதில் எனக்குத் திருப்திதான்.

"விழிப்பா இருங்கோ எண்டால், பேயைத் தேடி வெளியில ரோச் லைற் அடிக்கிறதில்லை," என்றார் பாதர். "ரோச்சை உங்கட பக்கம் திருப்பிப் பாருங்கோ."

பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு தகப்பன் கையை உயர்த்தினார். "பாதர், எங்கட பக்கம் வெளியில அடிச்சுத்தான் ஆகவேணும். யானை நிக்கும்."

மண்டபம் சிரித்தது. பாதரும் சிரித்தார். றோசலின் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இதுதான் நேரம் என்று நான் எழுந்தேன். "பாதர், ஞானப் பெற்றோரா ஒரு ஆணும் ஒரு பெண்ணும் நிக்கலாம்தானே?" கேள்விக்குரிய பதிலைத் தெரிந்துகொண்டு கேட்பவனின் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"தாராளமா நிக்கலாம் ஐயா."

நான் வெற்றியோடு றோசலினைப் பார்த்தேன்.

"அப்பச் சரி," என்றாள் அவள். "ஞானத்தாயா நான் நிக்கிறன்."

விதியை நன்றாகத் தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. பூட்டிய கதவைத் திறந்துவிட்டேன். யார் அதற்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

"ரெண்டு பெண்கள் நிக்கேலாதோ, பாதர்?"

"ஏலாது ஐயா. ஒரு ஆண், ஒரு பெண். ஆரெண்டு தாய் தகப்பன்தான் சொல்லவேணும்." பாதர் அன்ரனைப் பார்த்தார். செல்வி அன்ரனைப் பார்த்தாள். றோசலின் பார்க்கவில்லை. அவளுக்குப் பதிலில் சந்தேகம் இருக்கவில்லை.

"பாப்பம்," என்றான் அன்ரன்.

சனிக்கிழமை சம்பந்தி வீட்டுக்குச் சொல்லப் போனோம். இந்த ஊர்களில் எந்த நல்ல காரியத்துக்கும் பெரியவர்கள் வீடு தேடிப் போய் வாயால் சொல்லவேண்டும். அழைப்பிதழ் அடித்தாலும் சரி, தொலைபேசியில் பேசினாலும் சரி, வந்து சொல்லாவிட்டால் சொன்னதாகக் கணக்கில்லை. போன இடத்தில் கை நனைக்கவும் வேண்டும். றோசலின் தொலைபேசியில் சொல்லி முடித்திருந்தாள். நடைமுறை என்றால் நடைமுறை என்று நான் பிடிவாதம் பிடித்தேன். புறப்படும்போது என் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தந்தாள். "அங்க தண்ணி சரியில்லை மாமா. உங்கட உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது."

அன்ரன் ஓட்டோவை ஓட, றோசலினும் செல்வியும் குழந்தையும் நானும் பின்னால் நெருங்கி உட்கார்ந்தோம். இரணைமடுப் பக்கம் வாய்க்கால் வரம்புப் பாதையில் திரும்பியதும், முதல்நாள் மழைச் சேற்றில் ஓட்டோ புதைந்துவிட்டது. அன்ரன் இறங்கித் தள்ளினான். நான் ஆலோசனை வழங்கினேன். இரண்டாலும் பயனில்லை. கடைசியில் செல்வியின் தகப்பன் இராமையா லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு வந்து கயிறு கட்டி இழுத்தார். றோசலின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை சேற்றோடு சம்பந்தி வீட்டு முற்றத்துக்கு முதல்முறையாகப் போனாள்.

முற்றத்துப் பாலை மரத்தின் கீழ் ஒரு கல், அதன் முன் ஒரு சூலம், அதில் குத்திய எலுமிச்சங்காய். றோசலினின் கை தீர்த்தப் போத்தலைத் தேடிக் கைப்பைக்குள் போனது. அதற்குள் பாக்கியம் வாளியோடு வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். மெலிந்தவள், நேரே பார்ப்பவள்.

"காலை நீட்டுங்கக்கா," என்று தண்ணீர் ஊற்றினாள். றோசலினால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. காலை நீட்டினாள்.

வீட்டு வாசல் நிலையில், றோசலின் வீட்டில் இருப்பதுபோலவே ஒரு சிறு தீர்த்தக் கிண்ணம். உள்ளே ஒரு சுவரில் இருதய ஆண்டவர், எதிர்ச் சுவரில் முருகன். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதை இராமையா கவனித்தார்.

"முருகன் எங்க சாமிங்க ஐயா, அவரு பாக்கியத்தோட சாமி. ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிறதில்ல. டிவிக்கு நாங்கதான் சண்ட."

இஞ்சி போட்ட தேத்தண்ணீரும் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வந்தன. சம்பல் கண்ணில் நீரை வரவழைத்தது. என் மடியிலிருந்த போத்தலைப் பாக்கியம் பார்த்தாள்.

"தண்ணி முடிஞ்சா சொல்லுங்கய்யா, நெரப்பித் தாறேன்," என்றாள் மிகவும் மரியாதையாக.

நான் போத்தலைக் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டு அடுத்த ரொட்டியை எடுத்தேன். தேத்தண்ணீரில் சீனி தாராளம். நான் உண்மையாகப் பயப்படும் ஒரே பேய் அதுதான். முழுவதையும் குடித்தேன்.

றோசலின் கோப்பையைத் தொடவில்லை. "எனக்கு இண்டைக்கு உபவாசம்."

"போன மாசம் கோயில் வாசல்ல கல்பணிஸ் நீட்டினப்பவும் உபவாசம்னு சொன்னீங்கக்கா," என்றாள் பாக்கியம். "செல்வி கலியாணத்து அன்னைக்கும்."

"அம்மா எங்களக் கண்டாலே விரதந்தான்," என்றார் இராமையா, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு. "மோட்சத்துக்குப் போனா, எங்களாலதான் வந்தேன்னு அங்க ஒரு வார்த்த சொல்லிருங்கம்மா."

எனக்குச் சம்பல் புரையேறியது. அன்ரன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய தோள் சிரிப்பில் குலுங்கியது. றோசலினின் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாலர் பாடசாலையில் எல்லாருக்கும் முன்னால் அகப்பட்டுக்கொண்ட பிள்ளையின் முகம் அது.

புறப்படும்போது செல்வி குழந்தையோடு வாசலில் நின்றுவிட்டாள். "நான் இண்டைக்கு இஞ்ச நிக்கிறன். நாளைக்கு அக்காவோட கோயிலுக்கு வாறன். அக்கா நிக்கிறதெண்டால்தான் உள்ள வருவன்." அன்ரனிடம்தான் சொன்னாள்.

திரும்பும் வழியில் ஓட்டோவுக்குள் இடம் தாராளமாக இருந்தது. றோசலின் சேலைக் கரையில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டு வந்தாள்.

"நான் கெட்டவளா மாமா?"

ஓட்டோ இரைச்சலில் கேட்காததுபோல் இருக்கலாமா என்று யோசித்தேன்.

"அம்மா செத்த அண்டைக்கு இவன் என்ர சட்டையைப் பிடிச்ச பிடி விடேல்லை," என்றாள். "அதுக்குப் பிறகு இந்த வீட்டுக்குள்ள ஆர் வாறது, ஆர் போறது எண்டு நான்தான் பாத்தனான். நான் பாக்காட்டி ஆர் பாக்கிறது? இப்ப வந்தவையள் இவனைக் கொண்டு போறதையும் நான் பாத்துக்கொண்டு இருக்கோணுமே?"

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அன்ரனின் கண்கள் தெரிந்தன. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கியரை மாற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பாதர் நேரத்துக்கே வந்து நின்றார். அந்தச் சடங்கு வாசலில்தான் தொடங்கவேண்டும். றோசலின் கரை வைத்த பட்டுச் சேலையில், ஞானத்தாய்க்குரிய இடத்தில், நிலைக்கு வலப்பக்கம் தயாராக நின்றாள். நான் இடப்பக்கம். அன்ரன் நடுவில், புதுச் சேட்டில், வியர்த்துக்கொண்டு.

செல்வியும் பாக்கியமும் பெற்றோரும் வந்து இறங்கினார்கள். செல்வி கோயில் மதில் வாசலில் நின்றாள். ஒரு அடி உள்ளே வைக்கவில்லை. குழந்தை நித்திரை. பாதர் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், புத்தகத்தைத் திறந்தார்.

"ஞானத்தாய் ஆர்?"

றோசலின் ஒரு அடி முன்னே வைத்தாள்.

"பாக்கியம் அக்கா, பாதர்," என்றான் அன்ரன்.

பிறகு தமக்கையின் பக்கம் திரும்பினான். அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "அக்கா, என்னை வளத்தது நீங்கள். செல்வியை உயிரோட எனக்குத் தந்தது அவ. நான் உங்களை விட்டுட்டு எங்கயும் போகேல்லை. ஆனா இண்டைக்கு அவதான் நிக்கவேணும்."

றோசலின் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கோயிலுக்குள் போய்க் கடைசி வாங்கின் மூலையில் உட்கார்ந்தாள். செல்வி உள்ளே வந்தாள். பாக்கியம் எனக்குப் பக்கத்தில், றோசலின் நின்ற இடத்தில் அல்ல, அதிலிருந்து சற்றுத் தள்ளி நின்றாள்.

திருமுழுக்குத் தொட்டியடிக்குப் போனோம். பாதர் கேட்டார்: "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

என் உத்தியோகத்தில் எத்தனையோ உறுதிமொழிகளுக்கு வாசிக்காமலே கையெழுத்து வைத்திருக்கிறேன். இதற்கும் அப்படித்தான் பதில் சொல்லிவிடலாம் என்று வந்தவன். வாய் திறந்ததும் குரல் கொஞ்சம் பிசகியது. "விட்டுவிடுகிறேன்," என்றேன். பாக்கியத்தின் குரல் பாடகியின் குரல், தெளிவாக வந்தது. சபையும் சேர்ந்து சொன்னது. அந்தக் கோயிலில் எல்லாச் செபத்துக்கும் முதலில் எழும் குரல், றோசலினின் குரல், கடைசி வாங்கின் மூலையிலிருந்து வரவில்லை. இரண்டாம் கேள்விக்கும் வரவில்லை. மூன்றாம் கேள்விக்கு ஏதோ வந்ததுபோல் இருந்தது. இருமலாகவும் இருக்கலாம்.

தண்ணீர் தலையில் விழுந்ததும் குழந்தை கோயில் கூரை அதிர அலறியது. எண்ணெய் பூசி முடித்ததும் பாதர் கையை நீட்டினார்.

"வெள்ளை உடுப்பு?"

செல்வி அன்ரனைப் பார்த்தாள். அன்ரன் என்னைப் பார்த்தான். நான் எரியும் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடுப்பைத் தைத்தவள் றோசலின். அது அவளுடைய கைப்பையில் இருந்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பாதர் அவசரப்படுத்தவில்லை. குழந்தை மட்டும் அவசரப்படுத்தியது.

றோசலின் எழுந்தாள். நடுப்பாதையால் நடந்து வந்தாள். மடித்த வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினாள். பாக்கியம் வாங்குவதற்குக் கையை நீட்டினாள். றோசலின் கொடுக்கவில்லை.

"பிள்ளையைப் பிடி," என்றாள்.

பாக்கியம் பிடித்தாள்.

"இப்பிடியில்லை. கழுத்தோட சேத்துப் பிடி."

பாக்கியம் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தாள். தலை போனது. ஒரு கை போனது. மற்றக் கை முட்டியை இறுக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"உள்ளால கையை விட்டு அவன்ர கையைப் பிடிச்சு இழு. நான் வெளியால விடுறன்."

"கை சின்னதா தைச்சிட்டீங்கக்கா."

"கை சரி. இவன்தான் ஒரு கிழமையில கொழுத்திட்டான். இழு!"

இரண்டு பெண்களின் கைகளும் அந்த ஒரு சட்டைக் கைக்குள் துழாவிக்கொண்டிருந்தன. மெழுகு என் விரலில் உருகி விழுந்தது. நான் அசையவில்லை. கடைசியில் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சிவந்த முட்டி வெளியே வந்தது. றோசலின் பொத்தானைப் போட்டு, குழந்தையின் நெற்றியில் பெருவிரலால் ஒரு சிலுவை வரைந்தாள்.

பிறகு திரும்பினாள். கடைசி வாங்கில் அவள் இருந்த மூலையில் இதற்குள் யாரோ தன் பிள்ளைகளை ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள். வேறெங்கும் இடம் இல்லை. முன் வாங்கில் இராமையா மனைவியை நெருக்கிக்கொண்டு ஒரு பக்கமாக நகர்ந்து இடம் விட்டார். இந்த முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

றோசலின் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைலேஞ்சியை எடுத்து வாங்கை ஒருதரம் துடைத்தாள். துடைத்துவிட்டு, உட்கார்ந்தாள்.